காசு குடுத்து வாங்குன படம்: டவுன்லோட் பண்ணி வைக்கிறதா, அப்பப்ப ஸ்ட்ரீம் பண்றதா?

ராயபுரம் மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். மாசச் சந்தா கட்டிப் பாக்குற படத்தைப் பத்தி நான் கேக்கல. ஒவ்வொரு படமா காசு கட்டி வாங்கினோமே, அதைப் பத்திதான் கேள்வி. என்கிட்ட கொஞ்சம் ஆப்பிள்ல இருக்கு. கொஞ்சம் யூட்யூப்ல இருக்கு (கூகுள் பிளேல வாங்கினது, 2024 ஜனவரில அந்த மூவிஸ் ஆப்பை மூடி எல்லாத்தையும் இங்க தள்ளி விட்டாங்க).

அப்பா ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. சாயங்காலம் ஆனா அவருக்குப் படம் ஓடணும், அதுவும் பாத்த படமே. வீடு கல்மண்டபம் பக்கம் ஒரு சந்துக்குள்ள. ரூட்டர் மாடில, டிவி கீழ. மழை பெஞ்சா நெட் போகும், வெயில் அடிச்சா கரண்ட் போகும், ரெண்டும் ஒழுங்கா இருந்தா யாராவது ரோட்டைத் தோண்டி ஃபைபரை அறுத்துட்டுப் போவாங்க. பாதிப் படத்துல வட்டம் சுத்த ஆரம்பிச்சா அவரு என்னைத்தான் கூப்பிடுவாரு.

எல்லாப் படத்தையும் ஒரேயடியா டவுன்லோட் பண்ணி வச்சுடலாமா? வச்சா எதுல? வீட்டம்மா போன்ல இடம் இல்லைன்னு ஏற்கெனவே திட்டு. இல்ல, நல்ல ரூட்டரா ஒண்ணு வாங்கி ஸ்ட்ரீமிங்லயே ஓட்டிடலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மணலி நைட் ஷிஃப்ட்:

ஸ்ட்ரீமிங் போதும் ப்ரோ. படத்தைக் காப்பாத்துறது விக்கிறவன் பொறுப்பு, நம்ம எதுக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கட்டிக்கிட்டு அழணும்? மெஷ் ரூட்டர் (ரெண்டு மூணு பெட்டி வச்சு வீடு முழுக்க வைஃபை எட்ட வைக்கிறது) ஒண்ணு போடு, ரூட்டருக்குன்னே சின்ன யுபிஎஸ் விக்குது, அதையும் மாட்டு. முடிஞ்சுது கதை.

தங்கசாலை ரிப்பேர்:

மாடிவீடு தம்பி, டவுன்லோட்னு எல்லாரும் ஒரே பேர்ல சொல்றோம், உள்ள ரெண்டு சங்கதி இருக்கு. அதைப் பிரிச்சுப் பாக்காம எதுல வைக்கிறதுன்னு சொல்ல முடியாது.

ஒண்ணு, ஆப்புக்குள்ள இறங்குறது. யூட்யூப்ல வாங்குன படம் போன்லயோ டேப்லயோ ஆப்புக்குள்ளதான் இறங்கும். கம்ப்யூட்டர்ல தனி ஃபைலா வராது. உள்ள இருக்கறது பூட்டுன டேட்டா. படத்தைப் போட்டதும் ஆப்பு லைசென்ஸ் செல்லுமான்னு பாக்கும். அந்த லைசென்ஸுக்கு ஆயுசு உண்டு. ரொம்ப நாள் நெட் பக்கமே போகாம இருந்தா படம் உள்ளயே இருக்கும், ஓடாது. பீரோ உங்க வீட்ல, சாவி அவங்க இடுப்புல.

ரெண்டாவது, ஃபைலாவே வர்றது. ஆப்பிள்ல வாங்கினதை மேக்லயோ விண்டோஸ்லயோ இறக்கினா எம்4வி ஃபைலா வரும். அதைத் தனி டிஸ்க்ல காப்பி பண்ணி வச்சுக்கலாம். அதுலயும் பூட்டு இருக்கு, ஃபேர்பிளேன்னு பேரு. உங்க அக்கவுன்ட்ல அனுமதி குடுத்த கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடும், மொத்தம் அஞ்சு கம்ப்யூட்டருக்குத்தான் அனுமதி. பென் டிரைவ்ல போட்டு நேரா டிவில சொருகினா ஓடாது. இதைத் தெரியாம கடைக்கு எடுத்துட்டு வந்து "டிவி ரிப்பேர்ணா"ன்னு சொல்றவங்க நிறைய.

இன்னொண்ணு. 2017-ல ஆப்பிள் 4கே படம் விக்க ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டாங்க, 4கே-ல ஸ்ட்ரீம் பண்ணலாம், டவுன்லோட் பண்ணா ஹெச்டிதான் வரும்னு. டவுன்லோட் பண்ணா தரம் கூடும்னு யாராச்சும் சொன்னா அப்படியே நம்பிடாதீங்க. இங்க தலைகீழ்.

அப்பாவுக்கு எந்த டிவி, அதுல என்ன மாட்டியிருக்கு, அதைச் சொல்லுங்க முதல்ல.

காசிமேடு ஐஸ்:

ரிப்பேரண்ணன் சொன்ன லைசென்ஸ் மேட்டரு நமக்கு நல்லாவே தெரியும்பா. போட்ல போனா வாரக்கணக்குல கடல்ல கெடக்கணும். கரைய வுட்டுக் கொஞ்ச தூரம் போனாலே டவரு அம்பேல். ஸ்ட்ரீமிங்னு வாயத் தொறந்தா போட்ட ஓட்ற ஸ்ராங்கு சிரிப்பாரு. அதனால பசங்க கெளம்பறதுக்கு மொத நாளே ஐஸ் ஏத்திகினு இருக்கறப்ப ஒரு பக்கம் படத்த எறக்கி வச்சிக்குவானுங்க.

நானும் ஒரு ஆப்புல காசு கட்டுன படத்த எறக்கினு போனேன். வலைய வுட்டுட்டு ராவுல ஒக்காந்து போட்டா, நெட்ட கனெக்ட் பண்ணுன்னு சொல்லுது. நடுக்கடல்ல எங்கடா போறது நெட்டுக்கு? பக்கத்துல இருந்த பையன் மெமரி கார்டுல எதையோ போட்டுப் பாத்துகினு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. காசு குட்த்தவன் பேஜாராவறான், குடுக்காதவன் ஜாலியா பாக்கறான். இன்னா நாயம் இது?

மணலி நைட் ஷிஃப்ட்:

அண்ணே, கடலுக்குப் போறவங்க கதை தனி. தரையில இருக்கறவனுக்கு அது பொருந்தாது. எங்க பிளான்ட்டுலயே போன் டவர் நல்லாதான் எடுக்குது.

எம்கேபி நகர் அக்கா:

தரையில இருக்கறவ நான் சொல்றேன். எனக்கு ரெண்டு வாண்டுங்க. ஒரே கார்ட்டூன் படத்தை மனப்பாடம் ஆகற வரைக்கும் பாக்கும், மனப்பாடம் ஆன பிறகும் பாக்கும். வீட்ல வைஃபை கிடையாது, போன் டேட்டாதான். ஒரு நாளைக்கு 2 ஜிபி. ஃபுல் ஹெச்டிக்கு நெட்ஃபிளிக்ஸ் சொல்ற வேகம் 5 எம்பிபிஎஸ். அந்த வேகத்துல முழுசா இழுத்தா மணிக்கு 2.25 ஜிபி. படம் பாதியில டேட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸ்ல வந்து நிக்கும். அதுல வாட்ஸ்அப்ல போட்டோ கூடத் திறக்காது.

அதனால அம்மா வீட்டு வைஃபைல, பெரம்பூர் போறப்பல்லாம் டேப்ல இறக்கி எடுத்துட்டு வந்துடுவேன். ஒரு தடவை இறக்கினா எத்தனை தடவை போட்டாலும் டேட்டா செலவு இல்ல. மெட்ரோல போறப்பவும் கை குடுக்கும். வண்ணாரப்பேட்டைல சுரங்கத்துக்குள்ள போனதும் சிக்னல் வந்து வந்து போகும், படம் பாட்டுக்கு ஓடும்.

ஒரு டவுட்டு ரிப்பேரண்ணா. ஹெச்டினு காசு கட்டி வாங்கின படம் டேப்ல இறக்கினா மங்கலா இருக்கு. அதே படம் என் போன்ல பளிச்சுனு இருக்கு. டேப்பும் ஹெச்டி டேப்புதான். ஏமாத்துறாங்களா?

தங்கசாலை ரிப்பேர்:

அக்கா, அது டேப்போட கோளாறு. கோளாறுன்னு கூடச் சொல்லக் கூடாது, விலை குறைக்கறதுக்காக விட்டுட்டாங்க. ஆண்ட்ராய்டுல படத்தோட பூட்டைத் திறக்கறதுக்கு வைட்வைன்னு ஒண்ணு இருக்கு. அதுல எல்1, எல்3-ன்னு படி உண்டு. எல்1 இருந்தா பூட்டு சிப்புக்குள்ளயே திறக்கும், அந்த மெஷினை நம்பி ஹெச்டி அனுப்புவாங்க. எல்3-ன்னா வெறும் சாஃப்ட்வேர்லயே திறக்கும், யாராவது நடுவுல களவாடிடுவாங்கன்னு பெரும்பாலும் 480பி-யோட நிறுத்திடுவாங்க. நிறைய மலிவு டேப் எல்3 தான். ஸ்கிரீன் எத்தனை ஹெச்டியா இருந்து என்ன, வர்றது டிவிடி தரம்.

பிளே ஸ்டோர்ல டிஆர்எம் இன்ஃபோன்னு ஒரு சின்ன ஆப் இருக்கு, போட்டுப் பாருங்க. செக்யூரிட்டி லெவல்னு ஒரு வரில எல்1-ஆ எல்3-ஆன்னு காட்டும். புது டேப் வாங்கறவங்க ராமை, கேமராவைக் கேக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. கடைக்காரன் முழிப்பான், பரவால்ல, டெமோ பீஸ்ல நீங்களே பாத்துக்கலாம்.

டிவில இதே தகராறு வேற ரூபத்துல வரும். லேப்டாப்லேர்ந்து ஹெச்டிஎம்ஐ போட்டு வாங்கின படத்தை ஓட்டினா சில பழைய டிவில கறுப்பா நிக்கும், சத்தம் மட்டும் வரும். லேப்டாப்புக்கும் டிவிக்கும் நடுவுல ஹெச்டிசிபி-ன்னு, காப்பி அடிக்காம தடுக்கற ஒரு கைகுலுக்கல் நடக்கணும், நடுவுல இருக்கற ஒரு ஒயரோ ஸ்ப்ளிட்டரோ அதுக்கு ஒத்துழைக்கலன்னா படம் வராது.

லோகோ ஷெட்:

நான் பெரம்பூர்ல ரயில்வேல இருந்து ஓய்வு பெற்றவன். உங்க பூட்டு, சாவி, படி எல்லாம் படிச்சேன். தலை சுத்துது. எங்க வீட்டு அலமாரியில டிவிடி அடுக்கி வச்சிருக்கேன், ஒண்ணை எடுத்துச் சொருகினா ஓடும். எவனையும் கேக்காது.

2007 வாக்கில மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்னு ஒரிஜினலாவே இறக்கினான். அதுவரைக்கும் பர்மா பஜார்ல தியேட்டர்ல கேமரா வச்சு எடுத்ததைத்தான் வாங்கிக்கிட்டு இருந்தோம், பாதியில ஒருத்தர் எழுந்து போற நிழல் வரும். அந்த விலைக்கு ஒரிஜினல் வந்ததும் பை பையா வாங்கினேன். அந்தக் கம்பெனியே இன்னைக்கு இல்ல, திவாலாயிட்டுது. வட்டு ஓடுது. கம்பெனி போனா படமும் போற மாதிரி அன்னைக்கு யாரும் விக்கல.

தரத்தைப் பத்தி மணலி தம்பி ஏதாவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். விசிடி படம் 352க்கு 288 புள்ளி. இன்னைக்கு 43 இன்ச் டிவில போட்டா மூஞ்சியும் மூக்கும் ஒண்ணாத் தெரியும். அது போகட்டும். ப்ளூ-ரே எடுத்துக்குங்க. அதுல படத்துக்கு மட்டும் 40 எம்பிபிஎஸ் வரைக்கும் போகலாம். 4கே வட்டுல மொத்தமா 128 வரைக்கும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கே 15 இருந்தா போதும்னு சொல்றான். ராத்திரிக் காட்சி, புகை, மழை இதெல்லாம் ஸ்ட்ரீமிங்ல கட்டம் கட்டமாப் பிசிறும், வட்டுல பிசிறாது. ஆனா தமிழ்ப் படத்துக்கு ப்ளூ-ரே ரொம்பக் கொஞ்சமாத்தான் வந்தது. வந்ததும் பாதி வெளிநாட்டுத் தமிழருக்கு.

பழைய தமிழ்ப் படத்தை ஆப்புல விலைக்கு வாங்கலாம்னு தேடினா பெரும்பாலும் விலைக்கே இல்ல. யூட்யூப்ல விளம்பரத்தோட இலவசமாக் கிடக்கும். உரிமை வச்சிருக்கறவங்க போட்டது. அந்த உரிமை கைமாறினா நேத்து இருந்த வீடியோ இன்னைக்கு இருக்காது. அதனால என் அலமாரி எனக்குப் போதும்.

மணலி நைட் ஷிஃப்ட்:

சார், மரியாதையாவே கேக்குறேன். உங்க அலமாரி முதல் மாடில இருக்கு போல. எங்க வீடு தரைத்தளம். 2023 டிசம்பர் மிக்ஜாம்ல தண்ணி உள்ள வந்துச்சு. அதுவும் வெறும் தண்ணி இல்ல, எண்ணெய் கலந்த தண்ணி. என்னோட ரெண்டு ஹார்ட் டிஸ்க்கு, எங்க அண்ணனோட டிவிடி பெட்டி, அம்மாவோட கல்யாண கேசட் எல்லாம் அந்தக் கறுப்பு வண்டல்ல ஊறிப் போச்சு. டிவிடியக் கழுவி எடுத்தோம், பிசுபிசுப்பு போகவே இல்ல. கேசட்டைத் தூக்கித்தான் போட்டோம்.

நான் காசு குடுத்து வாங்கின படம் மட்டும் அப்படியே இருந்துச்சு. புது போன் வாங்கி லாகின் பண்ணேன், பட்டியல் முழுசா வந்துடுச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன், வீட்ல எதையும் வச்சுக்கப் போறதில்லன்னு. ஸ்ட்ரீமிங் போதும்னு நான் சும்மா சொல்லல.

எண்ணூர் கழிமுகம்:

அதே புயல், அதே தண்ணி எங்க பக்கமும்தான். நான் வேற மாதிரி பாத்தேன். கரண்ட் இல்ல, டவரும் படுத்துடுச்சு. மொட்டை மாடில மூணு குடும்பம். பசங்க பயந்து போய் அழுவுது. என் அக்கவுன்ட்ல படம் கொட்டிக் கிடக்கு, ஒண்ணு கூடப் பாக்க முடியல, ஏன்னா எல்லாமே மேல எங்கயோ இருக்கு. பக்கத்து வீட்டுப் பொண்ணு டேப்ல ஒரே ஒரு படம் இறக்கி வச்சிருந்துச்சு, ஊருக்குப் போறதுக்காக. அதை வச்சு, பவர் பேங்க்ல சார்ஜ் ஏத்தி, அந்த ராத்திரியை ஓட்டினோம். பிரைட்னஸைக் குறைச்சு குறைச்சு கடைசில படமே தெரியல, வசனம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க பசங்க.

2016 வர்தாவுக்கும் இதே கதைதான், அப்ப எங்களுக்கு ஆப்பே கிடையாது. அதனால மணலி ப்ரோ, தண்ணி வந்தா அக்கவுன்ட் காப்பாத்தும், சரி. தண்ணி வடியற வரைக்கும் கைல இருக்கறதுதான் உதவும். நான் இப்ப ரெண்டும் பண்றேன். அக்டோபர் பிறந்தா டேப்ல பசங்களுக்கு நாலஞ்சு படம் ஏத்திடுவேன். மெழுகுவத்தி, பிஸ்கட், பால் பவுடர் வாங்கற லிஸ்ட்ல அதுவும் ஒண்ணு. மாசத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு படத்தையும் நெட்டோட திறந்து மூடுவேன், லைசென்ஸ் புதுசாகட்டும்னு.

மணலி நைட் ஷிஃப்ட்:

மாசம் ஒரு தரம் திறந்து மூடறது நல்ல ஐடியா. அதை எடுத்துக்கறேன். ஹார்ட் டிஸ்க் மட்டும் இனி வேணாம்.

கறுப்புக் கோட்டு:

நான் பாரிமுனையில் வக்கீல் தொழில் செய்பவன். இழையில் எல்லோரும் "நான் வாங்கின படம்" என்றே எழுதுகிறீர்கள். ஒப்பந்தத்தைப் படித்தால் நீங்கள் வாங்கியது படம் பார்ப்பதற்கான உரிமம் மட்டும் என்று இருக்கும். கடைக்கும் படநிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் பட்டியலில் இருந்தும் படம் போகலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சோனி பிளேஸ்டேஷன் கடையில் ஸ்டூடியோகனால் நிறுவனத்தின் படங்களை வாங்கியிருந்த ஜெர்மனி, ஆஸ்திரியா வாடிக்கையாளர்களுக்கு 2022 ஆகஸ்டு 31-உடன் அவை போயின. 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளையும் அதேபோல் எடுக்கப் போவதாகச் சொல்லி, கூச்சல் கிளம்பியதும் புது ஒப்பந்தம் போட்டுப் பின்வாங்கினார்கள். அதற்கும் முன்பு அல்ட்ராவயலட் என்று ஹாலிவுட் நிறுவனங்கள் சேர்ந்து 2011-ல் ஒரு டிஜிட்டல் அலமாரி தொடங்கின. 2019 ஜூலை 31-ல் மூடிவிட்டார்கள். வேறு கடையோடு கணக்கை இணைத்து வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலான படம் தப்பியது. மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் படம் விற்பதை நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கியவை தொடர்ந்து ஓடும் என்று சொல்லியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு முழு விற்பனை போல் காட்டக் கூடாது, உரிமம்தான் என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதில் நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு விலக்கு இருக்கிறது: நிரந்தரமாக டவுன்லோட் செய்து இணையம் இல்லாமலே பார்க்கும்படி கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. டவுன்லோட் என்றால் என்ன என்று சட்டம் போட்டவர்களும் ரிப்பேர் அண்ணன் பிரித்த அதே இடத்தில்தான் பிரித்திருக்கிறார்கள்.

குடும்பத்துக்கு இன்னொன்று. ஆப்பிளில் ஒருவர் காலத்துக்குப் பின் அவர் கணக்கைத் திறக்க லெகசி காண்டாக்ட் என்று ஒரு வசதி உண்டு. புகைப்படமும் குறிப்புகளும் வாரிசுக்குக் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய படமும் பாட்டும் கிடைக்காது. லோகோ ஷெட் ஐயாவின் அலமாரி அவர் பேரனுக்குப் போகும். மாடிவீடு தம்பியின் பட்டியல் போகாது.

காசிமேடு ஐஸ்:

வக்கீல் சார், அப்ப அந்தப் பூட்ட ஒடச்சி ஃபைலா எட்த்து வச்சிக்கினா? காசு நான் குட்த்தது தானே? டெலிகிராம்ல எடுக்கல, எவனுக்கும் விக்கல.

கறுப்புக் கோட்டு:

காப்புரிமைச் சட்டம் 1957-ல் 2012 திருத்தம் 65ஏ பிரிவைக் கொண்டுவந்தது. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். "மீறும் நோக்கத்தோடு" என்பது அங்கே முக்கியமான சொற்றொடர். இன்னொரு பக்கம் 52-வது பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. சொந்தமாக வாங்கிய வட்டை வீட்டில் பார்க்க நகலெடுப்பவருக்கு வாதாட இடமிருக்கிறது என்பது என் கருத்து. ஆப்பில் அது கூடாது என்று நீங்களே ஒப்பந்தத்தில் சம்மதித்திருப்பீர்கள், கணக்கை முடக்கினால் மொத்தமும் போகும். அதனால் உடைக்கச் சொல்லி நான் எழுதித் தர மாட்டேன். டெலிகிராமில் எடுப்பது பற்றிப் பேச்சே வேண்டாம், அதற்கு வாதமே கிடையாது.

வாங்கிய படம் காணாமல் போனால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ரசீது மின்னஞ்சலை அழிக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்கு சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது என்று தேடிப் போக வேண்டாம்.

லோகோ ஷெட்:

வக்கீல் ஐயா, அலமாரி பேரனுக்குப் போகும்னு சொன்னீங்க. அவன்கிட்ட டிவிடி பிளேயரே இல்ல. "தாத்தா இது எதுல சொருகறது"ன்னு கேக்குறான். கடையிலயும் இப்ப பிளேயர் கேட்டா ஒரு மாதிரி பாக்குறாங்க.

தங்கசாலை ரிப்பேர்:

ஐயா, யுஎஸ்பி-ல மாட்டற டிவிடி டிரைவ் ரிச்சி ஸ்ட்ரீட்ல இன்னும் கிடைக்குது, பேரன் லேப்டாப்ல மாட்டிப் பாக்கலாம். வட்டைச் செங்குத்தா நிக்க வச்சு அடுக்குங்க, படுக்க வச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாதீங்க. மேல பேனாவால எழுதாதீங்க. பழைய வட்டுல ஓரத்துல வெளுப்பாவோ பித்தளை நிறத்துலயோ படர ஆரம்பிச்சிருந்தா அதை முதல்ல பாத்து முடிச்சுடுங்க, அது இனி திரும்பாது.

கடலோரத்துல இருக்கற எல்லாருக்கும் சேத்துச் சொல்றேன். உப்புக் காத்து எலக்ட்ரானிக்ஸைத் தின்னும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துலேர்ந்து வர்ற ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தா கீழ போர்டுல காண்டாக்ட் எல்லாம் பச்சை பூத்திருக்கும். டிஸ்க்கை ஒரு ஜிப் கவர்ல போட்டு, ஷூ டப்பால வருமே சிலிகா ஜெல் பொட்டலம், அது ரெண்டு போட்டு வைங்க. எஸ்எஸ்டி-ல (சுத்தற தட்டு இல்லாம சிப்புலயே வைக்கிற டிஸ்க்) ஏத்தி வருசக்கணக்குல கரண்டே காட்டாம பீரோல வைக்காதீங்க, சார்ஜ் கசிஞ்சு டேட்டா போகும். அப்பப்ப மாட்டி விடுங்க. முக்கியமானது எதுவா இருந்தாலும் ரெண்டு டிஸ்க், ரெண்டும் ஒரே வீட்ல வேணாம். மணலி தம்பிக்கு நடந்தது அதான்.

மாடிவீடு தம்பி இன்னும் டிவி என்னன்னு சொல்லல.

ராயபுரம் மாடிவீடு:

சாரி அண்ணா, ஷிஃப்ட் மாறிப் போச்சு, இன்னைக்குத்தான் எல்லாத்தையும் படிச்சேன். ஆண்ட்ராய்டு டிவி, 43 இன்ச், ஃபுல் ஹெச்டி. அதுலயே யூட்யூபும் ஆப்பிள் டிவி ஆப்பும் இருக்கு. வீட்ல பழைய விண்டோஸ் லேப்டாப் ஒண்ணு சும்மா கிடக்கு. எண்ணூர் நண்பர் சொன்னதைப் படிச்சதுல எனக்கு ஒரு யோசனை வந்துச்சு: அப்பா திரும்பத் திரும்பப் பாக்கறது மொத்தத்துல கொஞ்சம் படம்தான். மீதியை நான் வாங்கினதோட சரி, ஒரு தடவைக்கு மேல யாரும் தொடல. எல்லாத்தையும் இறக்கத் தேவையில்லை போல?

தங்கசாலை ரிப்பேர்:

ஆமா, தேவையே இல்ல. அப்ப இப்படிப் பண்ணுங்க.

அப்பாவோட படம் எல்லாம் ஆப்பிள்ல இருந்தா அந்த லேப்டாப்ல இறக்குங்க. விண்டோஸுக்கு ஆப்பிள் டிவி ஆப் 2024-லயே வந்துடுச்சு. லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ-ல டிவியோட கட்டிப் போட்டுடுங்க. டிவியே ஃபுல் ஹெச்டிதான், அதனால 4கே இறங்கலைன்னு வருத்தப்பட ஒண்ணுமில்ல. நெட் போனாலும் அவர் பாட்டுக்குப் பாக்கலாம். அந்த ஃபைலை ஒரு வெளி டிஸ்க்லயும் காப்பி பண்ணுங்க. கடையிலேர்ந்து படத்தை எடுத்துட்டா பல நேரம் திரும்ப இறக்க விடமாட்டாங்க. அதனால இறக்கறதா இருந்தா இப்பவே.

யூட்யூப்ல இருக்கறது டேப்லதான் இறங்கும். எல்1 டேப் இருந்தா பாருங்க. இல்லாட்டி ஸ்ட்ரீமிங்லயே விடுங்க. தினம் பாக்கற படத்துக்கு வட்டு கிடைச்சா அதையே வாங்கிப் போடறது நல்லது, லோகோ ஐயா ஒத்துக்குவார்.

ரூட்டர் விஷயத்துல மணலி தம்பி சொன்னது சரி. யுபிஎஸ் போடுங்க. மெஷ் அப்புறம், முதல்ல மாடிலேர்ந்து கீழ ஒரு லேன் ஒயர் இழுத்து டிவில சொருகிப் பாருங்க. மீட்டர் கணக்குல காசு, மெஷ் விலைக்குப் பக்கத்துலயே வராது. டிவில யூட்யூப்ல ஸ்ட்ரீமிங் தரத்தை ஆட்டோன்னு விடாம 720பி-ல நிறுத்துங்க. ஆட்டோ மேல ஏறி ஏறி இறங்கும். வயசானவங்களுக்கு அந்தத் தடுமாற்றம்தான் எரிச்சல், கூர்மை கொஞ்சம் குறைஞ்சா கவனிக்கவே மாட்டாங்க.

எம்கேபி நகர் அக்கா:

பாத்தேன் ரிப்பேரண்ணா, எல்3 தான் காட்டுது. வாண்டுங்களுக்கு அதுவே போதும், கார்ட்டூன்தானே. மாடிவீடு தம்பிக்கு ஒண்ணு: வாங்கறதுக்கு முன்னாடி வாங்கறதா வாடகையான்னு பாருங்க. பிரைம்ல 2022-லேர்ந்து இங்க வாடகைக்குப் படம் குடுக்கறாங்க. 30 நாளுக்குள்ள ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சா 48 மணி நேரம். எங்க மாமியார் அதை எடுத்துட்டு சொந்தமாச்சுன்னு நினைச்சு பாதி பாத்துட்டு அடுத்த வாரத்துக்கு வச்சிருந்தாங்க.

ராயபுரம் மாடிவீடு:

நல்லவேளை சொன்னீங்கக்கா. லேன் ஒயர் இன்னைக்கே வாங்கிட்டேன், ஞாயித்துக்கிழமை இழுக்கறேன். லேப்டாப்ல இறங்கிக்கிட்டு இருக்கு. எண்ணூர் நண்பரே, டேப்ல நாலஞ்சு படம் ஏத்தற வேலையும் அக்டோபருக்குள்ள பண்ணிடுவேன்.

காசிமேடு ஐஸ்:

ரிப்பேரண்ணே, இழைய மூடறதுக்குள்ள நமக்கும் ஒண்ணு சொல்லிட்டுப் போ. தங்கச்சி கல்யாண வீடியோ, ஸ்டூடியோக்காரன் ஒரே ஃபைலா குட்த்தான், ஆறு ஜிபி. போட்ல பாக்கலாம்னு பென் டிரைவ்ல ஏத்தினா, எடம் இல்லன்னு சொல்லுது. டிரைவு 32 ஜிபி, ஒண்ணியும் இல்ல உள்ள.

தங்கசாலை ரிப்பேர்:

டிரைவ் ஃபேட்32-ல இருக்கு, ஃபைலை அடுக்கி வைக்கிற பழைய முறை. அதுல ஒரு ஃபைல் 4 ஜிபி-க்கு மேல ஏறாது, எவ்ளோ இடம் காலியா இருந்தாலும். கம்ப்யூட்டர்ல டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி ஃபார்மட் போய், எக்ஸ்ஃபேட்னு புது முறை இருக்கும், அதைக் குடு. உள்ள ஏதாவது இருந்தா அழிஞ்சிடும், பாத்துக்க. போட்ல இருக்கற டிவி பழசா இருந்தா எக்ஸ்ஃபேட் படிக்காது, அப்ப ஸ்டூடியோக்காரனையே ரெண்டு ஃபைலா வெட்டித் தரச் சொல்லு.

காசிமேடு ஐஸ்:

ஏறிடுச்சு, ஓடுது. ஆனா படம் வருது, மேளச் சத்தம் வரல.

தங்கசாலை ரிப்பேர்:

ஆடியோ அந்த டிவி எடுக்காத வகையா இருக்கும், டிடிஎஸ் மாதிரி. படத்தைத் தொடாம ஆடியோவை மட்டும் ஏஏசி-ங்கற வகைக்கு மாத்தினா போதும், கொஞ்ச நேர வேலை. கெளம்பறதுக்கு முன்னாடி கடைக்கு எடுத்துட்டு வா. ஞாயிறு லீவு.